உச்சி மாடிக்கு ஒரு டிக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

வானளாவிய கட்டடங்களின் பார்வையாளர் தளத்துக்குப் போய்வருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், பயணப் பகுதிக் குழுவின் பதில்களும்.

கேள்வி: நாங்கள் போகும் நகரத்தில் மூன்று கட்டடங்களில் பார்வையாளர் தளம் இருக்கிறது. இருப்பதிலேயே உயரமானதற்குப் போய்விடலாமா? கூடுதல் காசு கொடுத்து இன்னும் மேல் மாடிக்கு ஏறுவது தகுமா?

பதில்: உயரத்தைப் பார்த்து டிக்கெட் எடுப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. 200 முதல் 300 மீட்டர் உயரத்தில் நின்றால் பாலம், தண்டவாளம், மொட்டைமாடித் தோட்டம் எல்லாம் தனித்தனியாகப் புலப்படும். 500 மீட்டரைத் தாண்டினால் நகரம் விரித்துப் போட்ட வரைபடம் போலத் தட்டையாகிவிடும்.

தொலைவு கூடுமே என்பீர்கள். கூடும்தான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வந்துவிடும். 100 மீட்டருக்கு 36 கி.மீ., 200க்கு 50, 400க்கு 71. உயரம் நான்கு மடங்கானால்தான் தொலைவு இரண்டு மடங்காகும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 124-வது மாடித் தளம் 452 மீட்டரில் இருக்கிறது, 148-வது மாடித் தளம் 555 மீட்டரில். கணக்குப்படி தொடுவானம் 76 கி.மீ.யிலிருந்து 84 கி.மீ.க்குப் போகிறது. அந்த 8 கிலோமீட்டரைத் தூசிமூட்டம் விழுங்கிவிடும். 148-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு கூட்டம் குறைந்த இடத்துக்கான விலை என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொன்று: நீங்கள் ஏறி நிற்கும் கட்டடம் உங்கள் படத்தில் வராது. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் மேல் ஏறக் கூடாது. ராக்ஃபெல்லர் சென்டரின் ‘டாப் ஆஃப் தி ராக்’ தளத்துக்குப் போக வேண்டும். சுமார் 260 மீட்டர்தான், ஆனால் தெற்கே எம்பயர் ஸ்டேட், வடக்கே சென்ட்ரல் பார்க் என்று இரண்டும் அங்கிருந்து கிடைக்கும். உங்கள் நகரத்திலும் எந்த அடையாளத்தைப் பார்க்க ஆசை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு எதிரே நிற்கும் கட்டடத்தைத் தேடுங்கள்.

காசே வாங்காத தளங்களையும் ஒரு பார்வை பாருங்கள். டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடித் தளம் 202 மீட்டர் உயரத்தில், இலவசம். லண்டனின் ஸ்கை கார்டனும் இலவசம்தான். முன்பதிவு செய்திருந்தால் நல்லது.

கேள்வி: பகல் காட்சி, அஸ்தமனம், இரவு விளக்குகள் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்க்க எந்த நேரத்துக்கு ஸ்லாட் எடுக்க வேண்டும்?

பதில்: அன்றைய அஸ்தமன நேரத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்து 75 முதல் 90 நிமிடம் பின்னோக்கி வாருங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் நீங்கள் உச்சியில் நிற்கும் நேரம் அல்ல, கீழே வரிசையில் நுழையும் நேரம். பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட் வரிசை, நடுவில் நிறுத்திக் காட்டும் படக்காட்சி, சில இடங்களில் பாதி உயரத்தில் லிஃப்ட் மாறுவது எல்லாம் சேர்ந்தால் 20 நிமிடம் போய்விடும். கூட்ட நாளில் முக்கால் மணி நேரம். அஸ்தமன நேரத்துக்கே ஸ்லாட் எடுத்தவர் சூரியன் மறைவதை வரிசையில் நின்றபடி தவறவிடுவார்.

மறைந்தவுடன் இறங்கிவிடாதீர்கள். அதற்குப் பிந்தைய 15 – 20 நிமிடம்தான் நல்ல நேரம்: வானம் கருநீலமாக இருக்கும், விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். முழு இருட்டில் எடுக்கும் படத்தில் கறுப்புக்கு நடுவே புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். அந்தியின் நீளம் ஊருக்கு ஊர் வேறு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நகரங்களில் 20 – 25 நிமிடத்தில் இருட்டிவிடும்; லண்டன் போன்ற வட நகரங்களில் கோடையில் முக்கால் மணி நேரம் நீளும். அங்கே கோடையில் மூன்றையும் பார்க்க நினைத்தால் மேலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும், கால்வலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே ஏறியபின் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதில் சில தளங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. முன்பதிவுப் பக்கத்தில் அதையும் பாருங்கள்.

அஸ்தமன ஸ்லாட்தான் முதலில் தீரும், பல இடங்களில் விலையும் கூடுதல். கிடைக்காவிட்டால் இரண்டாவது தேர்வு திறந்தவுடன் உள்ள முதல் ஸ்லாட். கூட்டம் இருக்காது, கண்ணாடியும் துடைத்துச் சுத்தமாக இருக்கும். நடுப்பகலை விட்டுவிடுங்கள். வெயில் தலைக்கு நேரே அடிக்கும்போது கட்டடங்களுக்கு நிழல் இருக்காது, நிழல் இல்லாவிட்டால் ஆழமும் தெரியாது.

சூரியனுக்கு எதிர்த்திசையில் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். காலையில் மேற்குப் பக்கம் துலக்கமாகத் தெரியும், மாலையில் கிழக்குப் பக்கம். சூரியன் இருக்கும் பக்கம் சிறு மூட்டம்கூட வெள்ளைத் திரையாகிவிடும். வட அரைக்கோளத்துக் குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் பகல் முழுவதும் இந்தக் கதிதான்.

கேள்வி: வானிலைச் செயலி ‘ஓரளவு மேகமூட்டம்’ என்கிறது. போகலாமா, வேண்டாமா? மேலே போனபின் ஒன்றும் தெரியாமல் போனால்?

பதில்: செயலி சொல்வது தரையில் நிற்பவருக்கு. உங்களுக்கு வேண்டியவை இரண்டு எண்கள்: மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பார்வைத் தொலைவு எவ்வளவு. இரண்டையும் பக்கத்து விமான நிலையத்தின் ‘மெட்டார்’ (METAR) என்ற வானிலை அறிக்கை சொல்லிவிடும். அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறை வரும். இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

அதில் பி-கே-என் (BKN) அல்லது ஓ-வி-சி (OVC) என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள். முதலாவது வானத்தின் பெரும்பகுதி மூடியிருக்கிறது என்பதற்கு, இரண்டாவது முழுவதும் மூடியிருக்கிறது என்பதற்கு. அதை ஒட்டி வரும் மூன்று இலக்க எண்ணை 100 ஆல் பெருக்கினால் மேக அடிப்பகுதியின் உயரம் அடிக்கணக்கில் வரும். 012 என்றிருந்தால் 1,200 அடி, அதாவது சுமார் 365 மீட்டர். உங்கள் தளம் 400 மீட்டரில் இருந்தால் மேகத்துக்குள் நிற்பீர்கள். 250 மீட்டரில் இருந்தால் மேகத்துக்குக் கீழே நின்று நகரத்தைப் பார்க்கலாம். உயரம் குறைந்த தளம் ஜெயிக்கும் நாள் இது. எஃப்-ஈ-டபிள்யூ (FEW), எஸ்-சி-டி (SCT) என்று இருந்தால் சிதறிய மேகம்தான், தயங்காமல் போகலாம். உயரம் அந்த விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பார்வைத் தொலைவு நான்கு இலக்கத்தில், மீட்டரில் வரும். 9999 என்றால் 10 கி.மீ. அல்லது அதற்கு மேல். 5000-க்குக் கீழே இருந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளில் மைலில் எழுதுவார்கள்.

மழை விட்ட மறுநாள், குளிர்காற்று வீசி ஓய்ந்த நாள் – இவைதான் சிறந்தவை, தூசி கழுவப்பட்டிருக்கும். காற்றே அசையாத தெளிந்த குளிர்காலக் காலையை நம்பாதீர்கள். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையையும் மூடுபனியையும் மூடி போட்டதுபோல் அடக்கி வைத்திருக்கும். வெயில் ஏறி அது கலைய காலை 10 மணிக்கு மேல் ஆகலாம்.

அதனால் பயணத்தின் முதல் நாளிலேயே ஸ்லாட் எடுக்காமல், நடுவில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது, மேல் மாடிக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது.

கேள்வி: மேகம் மூடிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தளம் திறந்திருந்தால் டிக்கெட் செல்லும் என்பதுதான் பொதுவான விதி. டிக்கெட் கவுன்டரில் ‘இப்போது மேலே தெரிவது’ என்று திரையில் காட்டியிருந்தால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று விற்கும் டிக்கெட் நிஜமாகவே வரிசையைக் குறைக்குமா? நகரச் சுற்றுலா பாஸ் இருந்தால் நேராகப் போய்விடலாமா?

பதில்: எந்த வரிசை என்று கேளுங்கள். மொத்தம் நான்கு இருக்கின்றன: டிக்கெட் கவுன்டர், பாதுகாப்புச் சோதனை, ஏறும் லிஃப்ட், இறங்கும் லிஃப்ட். இணையத்தில் வாங்கிய எந்த டிக்கெட்டுக்கும் முதல் வரிசை கிடையாது. இடைத்தரகர்கள் பலர் அதையே ‘வரிசை இல்லை’ என்று விற்கிறார்கள். சோதனை வரிசையை யாரும் தாண்ட முடியாது. கட்டடத்தின் சொந்தத் தளத்தில் ‘விரைவு வழி’ என்று விற்றால் அது லிஃப்ட் வரிசைக்கும் பொருந்துமா என்று விவரத்தில் படித்துவிட்டு வாங்குங்கள். நான்காவது வரிசையைப் பற்றி யாரும் சொல்வதில்லை: அஸ்தமனம் முடிந்து அரை மணியில் எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். இரவு உணவுக்கோ ரயிலுக்கோ நேரம் குறித்திருந்தால் அதற்கு அரை மணி விட்டுவையுங்கள்.

பாஸ் வைத்திருப்பவர்களும் பல இடங்களில் தனியாக ஸ்லாட் பதிய வேண்டும். பாஸ் கையில் இருக்கிறது என்று மாலையில் போய் நின்றால் இரவு 9 மணி ஸ்லாட்தான் இருக்கிறது என்பார்கள். வார விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் திங்கட்கிழமை பார்வையாளருக்குக் கிடையாது.

கேள்வி: கண்ணாடி வழியாக எடுக்கும் படத்தில் நகரத்தைவிட நானும் என் சட்டையும்தான் நன்றாகத் தெரிகிறோம். என்ன செய்வது?

பதில்: சட்டையிலிருந்தே தொடங்கலாம். கறுப்பு அல்லது கருநீலம் உடுத்துங்கள். வெள்ளைச் சட்டை உள் விளக்கை அப்படியே கண்ணாடிக்குத் திருப்பும்.

படம் எடுக்கும் இடத்தில் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் பிரதிபலிப்புக்கு வழியில்லை. கைபேசியை அப்படியே ஒட்டலாம். கேமரா என்றால் ரப்பர் லென்ஸ் ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் வளையம்) நல்லது. உலோக விளிம்பு கண்ணாடியைக் கீறும். ஹூட் இல்லாவிட்டால் கறுப்பு ஜாக்கெட்டை லென்ஸைச் சுற்றிக் கூடாரம் போலப் பிடித்தால் போதும்.

இரவில் இன்னொரு சிக்கல் வரும்: ஒவ்வொரு விளக்கும் இரட்டையாக விழும். இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி எகிறித் திரும்புவதால் வருவது அது. சாய்வாகப் பிடிக்கும் அளவுக்கு இரட்டைத் தெரியும். கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகப் பிடித்தால் மறையும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், ஃபோகஸுக்காக ஒளிரும் சிறு விளக்கையும் சேர்த்து.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியை வாங்கிப் போக வேண்டாம். அது சாய்வான பிரதிபலிப்பைத்தான் வெட்டும், நேர் எதிரே உள்ளதை ஒன்றும் செய்யாது. போதாததற்கு, பதப்படுத்திய கண்ணாடியில் வானவில் திட்டுகளைக் கொண்டுவந்து நிறுத்தும்.

முக்காலிக்குப் பெரும்பாலான தளங்களில் அனுமதி இல்லை. கைபேசியைக் கண்ணாடியில் சாய்த்து, இரவு முறையில் போட்டு, 2 வினாடி டைமர் வைத்தால் விரல் அழுத்தும் அதிர்வும் விழாது. படம் பச்சையாக வந்தால் அது சூரிய வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியின் நிறம். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கையால் திருத்துங்கள். படம்தான் முக்கிய நோக்கம் என்றால் திறந்தவெளித் தளமாகத் தேடுங்கள். எம்பயர் ஸ்டேட்டின் 86-வது மாடி (320 மீட்டர்) திறந்தவெளி, 102-வது மாடி கண்ணாடிக்குள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். லிஃப்ட் வேகத்தில் காது வலிக்குமா? மேலே மூச்சுத் திணறுமா?

பதில்: மூச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். 400 மீட்டரில் காற்றழுத்தம் தரையைவிட 5 விழுக்காடுகூடக் குறையாது. பறக்கும் விமானத்துக்குள் இருப்பது 2,000 மீட்டர் மலைமேல் இருப்பதுபோல. அதனோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

காது வேறு விஷயம். விமானத்தில் இருபது நிமிடம் எடுத்து வரும் மாற்றத்தின் ஒரு பகுதி இங்கே ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். தாய்பே 101 கட்டடத்தின் லிஃப்ட் 5-வது மாடியிலிருந்து 89-வது மாடிக்கு 37 வினாடியில் போகிறது. ஏறும்போது நடுக்காதுக் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், அது கடினம். இதனால்தான் அதே லிஃப்ட் நிமிடத்துக்கு 1,010 மீட்டர் வேகத்தில் ஏறி, இறங்கும்போது 600 மீட்டருக்குக் குறைத்துக்கொள்கிறது.

குழந்தைக்குப் பால் கொடுப்பதை இறங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும்போது காதுக்குழல் திறக்கும். பெரியவர்களுக்கு எச்சில் விழுங்குவதும் கொட்டாவியும் போதும். சளி பிடித்திருந்தால் போவதைத் தள்ளிப்போடுங்கள். காது அறுவை சிகிச்சை சமீபத்தில் நடந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

தள்ளுவண்டியை மடித்துக் கீழே வைக்கச் சொல்லலாம். குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பை கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு உயரம் என்றாலே கால் நடுங்கும். மற்றவர்கள் போகும்போது நான் மட்டும் கீழே உட்கார்ந்திருக்க மனமில்லை.

பதில்: நடுங்குவதற்குக் காரணம் கோழைத்தனம் இல்லை. நாம் நேராக நிற்கக் கண்ணும் உதவுகிறது. பக்கத்தில் உள்ள பொருள்கள் சற்று அசைவதைப் பார்த்துத்தான் உடல் தன் ஆட்டத்தைத் திருத்திக்கொள்கிறது. உயரத்தில் பக்கத்துப் பொருளே இல்லாததால் ஆட்டம் கூடுகிறது. எனவே லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் கட்டடத்தின் நடுச்சுவரை ஒட்டி நில்லுங்கள், அசையாத எதையாவது தொட்டுக்கொண்டு. முதல் ஐந்து நிமிடம் தொடுவானத்தை மட்டும் பாருங்கள். பிறகு ஜன்னல் சட்டம் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு ஓரடி ஓரடியாக முன்னே போகலாம். கைபேசித் திரை வழியாகக் கீழே பார்க்காதீர்கள், தலை சுற்றும். கண்ணாடித் தரை வேண்டவே வேண்டாம். அதைத் தவிர்த்துப் போக வழி இருக்கும். வெளிச்சுற்று முழுவதும் தரை வரை கண்ணாடியாக உள்ள தளத்தைவிட, இடுப்பளவு சுவர் வைத்த பழைய கட்டடத் தளம் உங்களுக்கு எளிது.

கேள்வி: கண்ணாடித் தரையில் விரிசல் விட்டதாகப் படித்தேன். நின்றால் ஆபத்தா?

பதில்: நீங்கள் படித்தது 2014 மே மாதம் சிகாகோ வில்லிஸ் கோபுரத்தில் நடந்ததாக இருக்கலாம். 103-வது மாடியில், 412 மீட்டர் உயரத்தில், கட்டடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் அவை. அன்று விரிசல் விட்டது கண்ணாடி மேல் கீறல் விழாமல் இருக்கப் பூசியிருந்த பாதுகாப்புப் படலம். பாரம் தாங்கும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தகைய தரைகளில் பல கண்ணாடித் தகடுகளை நடுவே படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவை தாங்கும், உடைந்ததும் சிதறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். குதிக்கக் கூடாது, ஊசிக்குதிகால் செருப்போடு ஏறக் கூடாது என்று சொல்வது அந்த மேற்படலத்தைக் காப்பாற்றத்தான்.

கேள்வி: காற்று பலமாக வீசினால் லிஃப்டை நிறுத்திவிடுகிறார்களே, கட்டடம் பலவீனமா?

பதில்: இல்லை. உயரக் கட்டடம் காற்றில் மெல்ல அசையும்படிதான் கட்டப்படுகிறது. அந்த அசைவும், நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள லிஃப்ட் கம்பிவடத்தின் ஊசலும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் வடம் லிஃப்ட் குழிச் சுவரில் அடிக்கும். அதைத் தவிர்க்க வேகத்தைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். தாய்பே 101-இல் அசைவை அடக்க 660 டன் எடையுள்ள எஃகு உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், பார்வையாளரும் பார்க்கலாம். அங்கே போனால் நகரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

இடி மின்னல் என்றால் திறந்தவெளித் தளத்தை மட்டும் மூடுவார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஆண்டுக்குச் சராசரியாக 20 முறைக்கு மேல் மின்னல் தாக்குகிறது.

கேள்வி: மாமியார் சக்கர நாற்காலியில் வருகிறார். எதையெல்லாம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உச்சித் தளம் வரை லிஃப்ட் போகிறதா, கடைசி ஒரு மாடிக்குப் படியா? சக்கர நாற்காலியை எந்த வாசலில் அனுமதிக்கிறார்கள்? ஒரே நேரத்தில் எத்தனை சக்கர நாற்காலி என்று வரம்பு இருக்கிறதா? உடன் வருபவருக்குக் கட்டணச் சலுகை உண்டா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். தீ விபத்தில் லிஃப்ட் ஓடாது, படியில் தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்பதால் சில கட்டடங்கள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகின்றன. டிக்கெட் வாங்கியபின் அங்கே போய்த் தெரிந்துகொள்வதில் பயனில்லை. உட்கார்ந்தவர் கண்மட்டத்தில் கைப்பிடிக் குழாய் குறுக்கே ஓடாத பக்கம் எது என்று மேலே உள்ள பணியாளரைக் கேளுங்கள், காட்டுவார்.

கேள்வி: என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது?

பதில்: உயரத்தால் மட்டும் குளிர் பெரிதாகக் கூடாது, 400 மீட்டருக்கு சுமார் இரண்டரை டிகிரி. குளிர்வது காற்றினால். திறந்தவெளித் தளத்துக்குக் காற்றுப் புகாத மேலுடை ஒன்று போதும், கோடையிலும். முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த தரையுள்ள தளங்களும் இருக்கின்றன. நியூயார்க்கின் ‘சம்மிட் ஒன் வாண்டர்பில்ட்’ அப்படிப்பட்டது. அங்கே பாவாடை வேண்டாம், பேன்ட் உடுத்துங்கள். பகலில் குளிர்கண்ணாடியும் வேண்டும், கூச்சம் தாங்காது.

பெரிய பெட்டியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். வைக்க இடம் கிடையாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. கண்ணாடி பாட்டில், முக்காலி, ட்ரோன், லேசர் விளக்கு எதுவும் வேண்டாம். டோக்கியோவின் ஷிபுயா ஸ்கை கூரைத்தளத்தில் கைப்பையையும் தொப்பியையும்கூட லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், காற்றில் பறந்து கீழே யார் தலையிலாவது விழும் என்பதால். கைபேசிக்குக் கழுத்துக்கயிறு மாட்டிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குக் கீழேயே போய்விட்டு வரிசையில் நில்லுங்கள்.